சோற்றுத் தட்டும் கால் தசையும்: சர்க்கரை, பிபி, கொழுப்பு, இதயம் நான்குக்கும் சேர்த்து ஒரு 12 வார வழிகாட்டி

முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சமாதானம் தேடிவிடுவோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 என்றால், 'பார்டர்தானே'. ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 210 என்றால், 'அந்த வாரம் இரண்டு கல்யாணம்'. பிபி 134/86 என்றால், 'ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலே எனக்குப் படபடப்பு'. 43 வயதில் வந்த என் ரிப்போர்ட்டின் எண்கள்தான் இவை. நானும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லி அதை அலமாரியில் வைத்துவிட்டேன்.

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய வியாதி இல்லைதான். சேர்த்து வைத்துப் பார்த்தால் கதை வேறு. ஒரே வேரிலிருந்து வந்த கிளைகள் அவை. இதைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் எனக்கு முதலில் உறைத்தது ஒன்று: உணவு ஒரு வேலை, உடற்பயிற்சி இன்னொரு வேலை என்று நாம் பிரித்து வைத்திருப்பதே தப்பு. தட்டில் விழும் சோறு எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது கால் தசை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகும்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் உணவைக் குறைத்து நடையைக் கூட்டினால் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். மாரடைப்பு வந்தவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினாலோ நடையை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் மாரடைப்பு வரலாம். 'வாயு' என்று சொல்லிப் படுத்துவிடாதீர்கள்.

படி 1: ஐந்து எண்களை ஒரே தாளில் எழுதுங்கள்

டெய்லர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று வாங்குங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். பேன்ட் அளவு இதற்குக் கணக்கில்லை. 38 அளவு பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுபவரின் வயிறு 42 அங்குலம் இருக்கலாம்.

தெற்காசியர்களுக்கான வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இதோடு நான்கு எண்களைச் சேருங்கள்: டிரைகிளிசரைடு 150-ஐத் தொட்டதா, நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இருக்கிறதா, ரத்த அழுத்தம் 130/85-ஐ எட்டியதா, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐ எட்டியதா. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அதற்கு 'வளர்சிதை மாற்றக் கூட்டுக்கோளாறு' என்று பெயர். என் தாளில் ஐந்துமே இருந்தன. ஹெச்.டி.எல். 36, வயிறு 96.

கூடவே ஹெச்.பி.ஏ.1.சி., அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முன்நீரிழிவு; 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இது பொருந்தும் என்பதால் ஹீமோகுளோபினையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

வீட்டில் பிபி பார்ப்பதாக இருந்தால், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கையை மேசைமேல் இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் இரண்டு முறை எடுங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து வெல்வெட் போலத் தடித்திருக்கிறதா என்றும் கண்ணாடியில் பாருங்கள். தேய்த்தால் போகாத அந்தக் கறுப்பு, பலருக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம்.

படி 2: நம் உடம்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள், ஒருவர் புனேவைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் இங்கிலாந்தின் யுட்கின். இருவருக்கும் உயரம்–எடை விகிதமான பி.எம்.ஐ. அச்சு அசலாக 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடை இயந்திரம், ஒரே எண், உள்ளே இரண்டு வேறு உடம்புகள். 'ஒல்லியாகத்தானே இருக்கிறான், இவனுக்கு எப்படி சுகர்?' என்று நம் ஊரில் கேட்கிற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. கையும் காலும் மெலிந்து, தசை குறைந்து, கொழுப்பு முழுக்க வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற உடல்வாகு நம்முடையது.

அதே ஆண்டில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் வெளியானது. முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்கு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே, சராசரியாக 53 வயதில் வருவதை அது காட்டியது. காரணங்கள் புதிரானவை அல்ல. புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை, மது. மாரடைப்பு ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை இந்த ஒன்பதே விளக்கிவிட்டன.

உள்ளே நடப்பது இதுதான். சாப்பிட்ட மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும். அதைப் பெருமளவில் வாங்கி வைக்க வேண்டியது தசை. தசை குறைவாக இருந்தால், அல்லது நாள் முழுக்க அசையாமல் இருந்தால், வாங்க இடமில்லை. மிச்சம் கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாக மாறுகிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்புகிறது. அது ஏற ஏற ஹெச்.டி.எல். இறங்குகிறது, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் பெருகுகின்றன, அவை ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைகின்றன. எண்ணெய் பலகாரமே தொடாத ஒருவருக்கு டிரைகிளிசரைடு 300 இருப்பது இதனால்தான். அவர் மூன்று வேளையும் சோறும் இட்லியும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

படி 3: இது பலிக்கும் என்று நம்ப என்ன ஆதாரம்?

அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2002-ல் வெளியானது. முன்நீரிழிவு உள்ள 3,234 பேர். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை, ஒரு பிரிவுக்கு உணவு மாற்றமும் வாரம் 150 நிமிட நடையும் எடையில் 7 சதவீதக் குறைப்பும். சுமார் மூன்று ஆண்டுகளில் மாத்திரை நீரிழிவு வருவதை 31 சதவீதம் குறைத்தது. உணவும் நடையும் 58 சதவீதம் குறைத்தன.

'அது வெள்ளைக்காரன் உடம்பு' என்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. எதுவும் செய்யாத பிரிவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவு, நடை பிரிவில் 39.3 சதவீதம். இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று: அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை அசையாமலேயே நீரிழிவு ஆபத்து கால்வாசிக்கு மேல் குறைந்தது. எடை இயந்திரத்தில் முள் நகரவில்லை என்று நான்காவது வாரத்தில் நடையை விட்டுவிடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. 55 சதவீதம் என்கிற எண்ணையும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 'பார்டர்' என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது, சும்மா இருந்தால் மூன்று வருடத்தில் இரண்டில் ஒருவரை அக்கரைக்குத் தள்ளிவிட்டது.

சீனாவின் டாசிங் நகரில் 1986-ல் தொடங்கிய ஆய்வு இன்னும் நீளமானது. ஆறே ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சிப் பயிற்சி கொடுத்தவர்களை முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட நீரிழிவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப் போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 26 சதவீதம் குறைந்திருந்தன.

படி 4: தட்டை மாற்றுங்கள் (வாரம் 1 முதல்)

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் தவறான இடத்தில் மாற்றம் செய்கிறோம். சுகர் என்றதும் இரவுச் சோறு சப்பாத்தியாக மாறும். காலையில் கேழ்வரகுக் கூழ் வரும். 'சிறுதானியம்தானே' என்று தட்டு நிறைய வரகுச் சோறு வரும்.

ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் என்ற தேசிய ஆய்வைச் சென்னையிலுள்ள டாக்டர் மோகன், டாக்டர் அஞ்சனா குழு நடத்திவருகிறது. அதன் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. நம் நாட்டவர் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதில் வெள்ளை அரிசியைக் கோதுமை மாவாகவோ சிறுதானிய மாவாகவோ மாற்றி, மொத்த அளவைக் குறைக்காமல் விட்டால் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை, வெறும் 5 சதவீதக் கலோரியை, பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதமாக மாற்றியபோது நீரிழிவு ஆபத்து குறைவாக இருந்தது. ஆக, எந்த மாவு என்பதைவிட எவ்வளவு மாவு, அந்த இடத்தில் என்ன வந்தது என்பதுதான் கேள்வி. நைசாக அரைத்துக் கரைத்த கேழ்வரகுக் கூழ் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். கேழ்வரகைக் குறை சொல்லவில்லை. அரைத்துக் கரைத்தால் எந்தத் தானியமும் அப்படித்தான்.

சோற்றை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்வில், தெற்காசியாவில் ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் அதிகமாக இருந்தது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, நீங்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றை ஒரே ஒரு நாள் எடை போட்டுப் பாருங்கள். நான் எடை போட்டபோது மதியம் மட்டும் 420 கிராம் இருந்தது. முதலில் சாம்பாருக்கு, பிறகு ரசத்துக்கு, கடைசியில் மோருக்கு என்று மூன்று முறை போட்டுக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போலவே தெரியும்.

மதியத் தட்டை இப்படி அமையுங்கள். பாதித் தட்டு பொரியல், கூட்டு, கீரை. உருளை, சேனை, மரவள்ளி காய்க் கணக்கில் வராது. அவை சோற்றின் பங்கில் சேரும். கால் தட்டு புரதம்: கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், அல்லது சுண்டல், அல்லது இரண்டு முட்டை, அல்லது குழம்பு மீன் இரண்டு துண்டு. மீதிக் கால் தட்டுதான் சோறு, 150 கிராம், அதில் சுமார் 42 கிராம் மாவுச்சத்து இருக்கும். சாம்பாரைப் புரதம் என்று கணக்கு வைக்காதீர்கள். தண்ணீராகக் கரைத்த சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று சமைப்பவருக்குத் தெரியும்.

சாப்பிடும் வரிசையும் பலன் தருகிறது. நியூயார்க்கில் 2015-ல் நீரிழிவு உள்ள 11 பேரை வைத்து ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். அதே உணவு, அதே அளவு. காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை, மாவுச்சத்தை முதலில் சாப்பிட்ட நாளைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பதினொரு பேர் ஆய்வை வைத்துப் பெரிதாக முழங்கக் கூடாதுதான். ஆனால் காசு செலவில்லை, பக்கவிளைவு இல்லை. பொரியலில் பாதியையும் சுண்டலையும் முட்டையையும் வெறுமனே சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள். தானாகவே சோறு குறையும்.

புரதத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் வெந்த கொண்டைக்கடலையில் 12 கிராம், 30 கிராம் காய்ந்த மீல்மேக்கரில் 15 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம். காலையில் ஐந்து இட்லி சாப்பிடும் வழக்கமுள்ளவர் மூன்று இட்லியும் இரண்டு முட்டையும் என்று மாறினாலே கணக்கு வேறாகிவிடும். சைவம் என்றால் பாசிப்பயறு அரைத்து ஊற்றிய பெசரட்டு, பருப்பு கூடுதலாகப் போட்ட அடை. மாலை நான்கு மணிக்கு மிக்சர், பிஸ்கட் இடத்தில் சுண்டல். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கான அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

கொழுப்பைப் பற்றி: ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த ப்ரெடிமெட் ஆய்வில் ஆலிவ் எண்ணெயோ தினமும் 30 கிராம் கொட்டைப் பருப்புகளோ சேர்த்த மத்தியதரைக்கடல் உணவு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்து சுமார் 30 சதவீதம் குறைத்தது. ஆட்களைப் பிரித்ததில் கோளாறு தெரிந்து அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, 2018-ல் திருத்தி மீண்டும் வெளியிட்டார்கள். முடிவு ஏறத்தாழ அப்படியேதான் நின்றது. இதற்காக ஆலிவ் எண்ணெய்க்குச் செலவழிக்கத் தேவையில்லை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் அளவாகப் போதும். ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை போதும். தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று பரவும் செய்திகளை மட்டும் நம்ப வேண்டாம். மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது எல்.டி.எல்.-ஐக் கூட்டவே செய்தது. குழம்பில் அரைத்துவிட்ட ஒரு கை தேங்காய் வேறு, தினமும் தேங்காய் எண்ணெயில் பொரிப்பது வேறு.

டிரைகிளிசரைடு கூடியவர்கள் சர்க்கரை போட்ட டீ, பாட்டில் ஜூஸ், மது மூன்றையும் நிறுத்தினால் சில வாரங்களிலேயே எண்ணில் மாற்றம் தெரியும்.

படி 5: சாப்பிட்டதும் எழுந்து நடங்கள் (வாரம் 1 முதல்)

தசை செல்லுக்குள் குளுக்கோஸை ஏற்றிவிடும் ஒரு புரதம் இருக்கிறது, பெயர் க்ளூட்-4. சாதாரணமாக இன்சுலின் வந்து சொன்னால்தான் அது செல்லின் மேற்பரப்புக்கு வரும். ஆனால் தசை சுருங்கி விரிந்தாலும் அது வரும், இன்சுலினைக் கேட்காமலே. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

நியூசிலாந்தில் நீரிழிவு உள்ள 41 பேரிடம் இரண்டு முறைகளைச் சோதித்தார்கள்: தினம் ஒரே தடவையாக 30 நிமிட நடை, அல்லது மூன்று வேளையும் சாப்பிட்டபின் 10 நிமிட நடை. மொத்த நிமிடம் ஒன்றே. சாப்பாட்டுக்குப் பின் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவு. இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம். நாம் ஒரு நாளின் பெரிய சாப்பாட்டை இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு நேராக டிவி முன்போ படுக்கையிலோ விழுகிறவர்கள். அந்தப் பத்து நிமிடம்தான் இந்த வழிகாட்டி முழுவதிலும் மிக மலிவான மருந்து. மொட்டை மாடி போதும், தெரு போதும், மழை என்றால் கூடம் போதும்.

முதல் இரண்டு வாரம் உடற்பயிற்சி என்று வேறெதுவும் செய்ய வேண்டாம். இந்த மூன்று பத்து நிமிடங்கள் மட்டும்.

படி 6: வேகம் கூட்டுங்கள், பளு தூக்குங்கள் (வாரம் 3 முதல்)

1953-ல் லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் இரட்டைத் தட்டுப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்தார். ஒரே சமூகம், ஒரே பேருந்து. ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார், நடத்துநர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். மாரடைப்பு நடத்துநர்களுக்குத் தெளிவாகக் குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய அறிவியல் அங்கிருந்துதான் வேகமெடுத்தது. 1966-ல் அமெரிக்காவின் டல்லஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, வயது செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் அதிகம் என்று தெரிந்தது. ஆறு மாதப் பயிற்சியில் ஐம்பது வயதில் அவர்கள் தங்கள் திறனில் பெரும்பகுதியை மீட்டார்கள். 'இனிமேல் எங்கே' என்று பெருமூச்சு விடுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. மிதமானது என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரோடு கதை பேசியபடி போகிற நடை பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. 10,000 அடி என்ற இலக்கு 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. அறுபதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகளிலேயே பலனின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஐந்து நாள் 30 நிமிடம். ஐந்தாவது வாரத்தில் ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தார் சோதித்த முறைக்கு மாறுங்கள்: மூன்று நிமிடம் விறுவிறுவென்று, மூன்று நிமிடம் மெதுவாக, ஐந்து சுற்று, வாரம் நான்கு நாள். ஐந்து மாதம் இப்படி நடந்த நடுத்தர வயதினருக்கும் முதியவர்களுக்கும், ஒரே சீராக நடந்தவர்களைவிடக் கால் பலமும் மூச்சுத் திறனும் அதிகம் கூடின, ரத்த அழுத்தமும் அதிகம் இறங்கியது.

இப்போது தசை. நம் ஊரில் பெரும்பாலோர் தவிர்ப்பது இதைத்தான், நம் உடல்வாகுக்கு மிகத் தேவையானதும் இதுதான். ஜிம் கட்டாயமில்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, மாடிப்படி விளிம்பில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் கைக்கொன்றாகப் பிடித்து வீட்டுக்குள் நடப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். கேன் நடைக்கு அரை நிமிடம். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் பளுவைக் கூட்டுங்கள். சுவரிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து தரைக்கு. மூட்டுவலி உள்ளவர்கள் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

பிபி கூடியவர்களுக்கு ஒரு கூடுதல் பயிற்சி: சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்வது போல அசையாமல் நிற்பது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வந்த கட்டுரையில், இப்படி அசையாமல் தசையை இறுக்கும் பயிற்சிகள் மேல் எண்ணைச் சராசரியாக 8 புள்ளி குறைத்தன, நடையைவிட அதிகமாக. ஆய்வில் இரண்டு நிமிடம் நான்கு முறை, இடையே ஓய்வு, வாரம் மூன்று நாள். நீங்கள் முப்பது விநாடியில் தொடங்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். பிபி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

படி 7: உப்பு

ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு நான்கையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இல்லாமல் முதல் பத்து நாள் கஷ்டம்தான், நாக்கு பழகிக்கொள்ளும்.

சீனக் கிராமங்கள் 600-ல் சுமார் 21,000 பேரிடம் நடந்த ஆய்வில், சாதா உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நம் கடைகளிலும் சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகப் பிரச்சினை இருந்தாலோ, டெல்மிசார்டன், ராமிபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் எடுத்தாலோ பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பிபி மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் வாங்கவே கூடாது.

புகையைப் பற்றித் தனிப் படி எழுதவில்லை. அதை விடாமல் மேலே உள்ளதை மட்டும் செய்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

ஏற்கெனவே நீரிழிவு வந்தவர்களுக்கு

பிரிட்டனின் டைரக்ட் ஆய்வு 2018-ல் வெளியானது. நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி அளவில் சூப்பும் ஷேக்கும் மட்டும். ஓராண்டில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் நீரிழிவு வரம்புக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தத்தில் 36 சதவீதமாக இறங்கியது. மருத்துவக் கண்காணிப்பில் மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் செய்தது அது. வீட்டில் தனியாகப் பட்டினி கிடந்து முயன்று பார்க்கும் விஷயமல்ல. ஆனால் 'வந்தால் வந்ததுதான்' என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள இது போதும்.

படி 8: 12-வது வாரம், மறுபரிசோதனை

அதே பரிசோதனைக்கூடம், அதே 10 முதல் 12 மணி நேரப் பட்டினி. முந்தைய நாள் கடும் பயிற்சியோ மதுவோ வேண்டாம். காய்ச்சல், சளி இருந்தால் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.

முதலில் இறங்குவது டிரைகிளிசரைடும் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையும். ஹெச்.பி.ஏ.1.சி. மூன்று மாதத்துக்குப் பின்தான் உண்மையைச் சொல்லும் என்பதால்தான் 12 வாரம். ஹெச்.டி.எல். மெதுவாக, கொஞ்சமாக ஏறும். எல்.டி.எல். இருக்கிறதே, அது பிடிவாதக்காரன். நடைக்கு அவ்வளவாக அசையாது, உணவுக்கு ஓரளவு அசையும். பலருக்கு அது பரம்பரை. குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் பரம்பரையாக வரும் ஒரு கொழுப்புத் துகளை அளக்கும் லைப்போபுரோட்டீன்-ஏ என்ற பரிசோதனையை வாழ்நாளில் ஒரு முறையாவது செய்யச் சொல்லி இதய மருத்துவரிடம் கேளுங்கள். அந்த எண் உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் இறங்காது. ஆனால் தெரிந்திருந்தால் மற்றவற்றை எவ்வளவு கறாராகப் பிடிக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்ய முடியும்.

என் 12-வது வாரத் தாள் இது. வயிறு 96-லிருந்து 91. டிரைகிளிசரைடு 210-லிருந்து 146. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108-லிருந்து 97. பிபி 126/80. ஹெச்.டி.எல். 36-லிருந்து 38. எடை இரண்டரைக் கிலோதான் குறைந்திருந்தது. எல்.டி.எல். 158 இருந்தது 149 ஆனது. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மருத்துவர் எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாடியில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து அதைப் போட்டுக்கொள்கிறேன்.